தோள்கட்டை மாட்டிய கைத்துப்பாக்கி

அபுதாபி முசஃபாவில் ஒரு கண்காட்சிச் சரக்குக் கம்பெனியில் நான் பேப்பர் பார்க்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் என் அம்மா "லாஜிஸ்டிக்ஸ்" என்று சொல்கிறாள். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். உண்மையில் வேலை இதுதான்: வெளிநாட்டிலிருந்து கண்காட்சிக்கு வரும் சாமானுக்கு அரசாங்கம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பெயரை எழுத வேண்டும். சாமானுக்குச் சொந்தக்காரன் என்ன பெயர் வைத்திருக்கிறான் என்பது யாருக்கும் தேவையில்லை. ஒருவன் மசாஜ் நாற்காலி அனுப்பினான். அது நாற்காலியா, இயந்திரமா, வைத்தியக் கருவியா என்று அலுவலகம் அலுவலகமாகக் கேட்டதில், கடைசியில் அது மரச்சாமான் இல்லை என்பது மட்டும் முடிவானது. எனக்குப் பொறுமை குறைவு என்று என் கணவர் சொல்கிறார். அவர் அந்த அலுவலகங்களில் போய் உட்கார்ந்ததில்லை.

போன வருஷம் வேட்டை, விளையாட்டுச் சாமான்கள் கண்காட்சி ஒன்றுக்கு ஒரு காற்றுக் கைத்துப்பாக்கி வர இருந்தது. அதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தி வைத்த காற்று மிளகளவு ஈயக் குண்டைத் தள்ளும், அவ்வளவுதான். போட்டிகளில் அட்டையைப் பார்த்துச் சுடுவதற்கானது. ஆனாலும் ஆயுதம் ஆயுதம்தான், போலீஸ் அனுமதி வேண்டும் என்றார்கள். கூடவே மூன்று உதிரிகளும் வர இருந்தன. மேலே பொருத்திக் குறி பார்க்க ஒரு சிறு கண்ணாடி, கீழே பொருத்த ஒரு டார்ச் லைட், பின்னால் பொருத்த ஒரு தோள்கட்டை. தோள்கட்டை என்றால், பெரிய துப்பாக்கிகளில் தோளில் அண்டக் கொடுப்பார்களே, அந்தப் பகுதி. கை நடுங்குகிற புதியவர்கள் பழகுவதற்காக விற்கிறார்களாம்.

அனுமதிப் பிரிவில் இருந்த அதிகாரி இந்த நாட்டுக்காரர். நிதானமான மனிதர், நல்ல உருது பேசுவார். எனக்கு உட்கார நாற்காலி போட்டு, சின்னக் கிண்ணத்தில் கஹ்வா என்கிற அரபுக் காப்பி கொடுத்து, பாடம் நடத்தினார். கைத்துப்பாக்கியில் கண்ணாடியை மாட்டினால் அது கைத்துப்பாக்கி. டார்ச்சை மாட்டினாலும் கைத்துப்பாக்கி. இரண்டையும் மாட்டினாலும் அதேதான். தோள்கட்டையை மாட்டினால் அது கைத்துப்பாக்கி இல்லை, நீளத் துப்பாக்கி. வேறு வகை, வேறு அனுமதி.

"குண்டு அதேதானே பாய்?" என்று கேட்டேன்.

"அதே குண்டுதான், சிஸ்டர்."

"காற்றும் அதே காற்று."

"அதே காற்று. ஆனால் கையில் பிடித்துச் சுடுவதா, தோளில் வைத்துச் சுடுவதா என்பதுதான் எங்களுக்கு முக்கியம்."

தோசை மேல் வெங்காயம் விழுந்தால் ஊத்தப்பம் என்று பில் போடுகிறார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஊத்தப்பத்தை உருதுவில் விளக்க என்னால் முடியாது. நாலு பொருளும் நாலு பெட்டியில் வர வேண்டும், நாலு பெட்டியில் போக வேண்டும் என்று முடிவானது. அனுப்புகிற கம்பெனிக்கு எழுதினேன். அவர்களும் விவரமானவர்கள், அப்படியே அனுப்பினார்கள். நாலு பெட்டியிலும் நானே ஸ்டிக்கர் ஒட்டினேன். கண்காட்சி நல்லபடியாக முடிந்தது.

இனி எங்கள் பேக்கிங் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். கம்பெனியில் சரக்கு கட்டுகிற வேலை அவருக்கு. ஆனால் முசஃபா முழுக்க அவரைத் தெரிந்திருப்பது வேறு காரணத்துக்காக. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் யார் லீவில் ஊருக்குப் போனாலும் பெட்டி கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்குப் பெட்டி கட்டுவது இங்கே ஒரு சடங்கு. அட்டைப்பெட்டியை நடுவில் வைத்து, கொண்டுபோகிற சாமானையெல்லாம் பாயில் பரப்பி, ரூம்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அண்ணன் வந்தால் யோசனைகள் நின்றுவிடும். ஹாட் பாக்ஸுக்குள் ஹாட் பாக்ஸ், அதற்குள் பால் பவுடர், ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் பிஸ்தா. போர்வையைச் சுருட்டினால் அதன் நடுவில் குடை. கயிறு கட்டித் தராசில் தூக்கிவைத்தால், ஏர்லைன்ஸ் சொன்ன எடைக்குச் சொட்டுக் கூடாது, குறையாது.

காலி இடத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஆபீசில் என் மேஜை இழுப்பறையில் இடம் இருக்கிறது என்று ஒருநாள் ஒரு டேப் உருளையை வைத்துவிட்டுப் போனார். ஏன் அண்ணே என்று கேட்டதற்கு, "சும்மாதானே கெடக்குது, தங்கச்சி" என்றார். மற்றவர்கள் எதிரில் நான் மேடம், தனியாக இருந்தால் தங்கச்சி.

கண்காட்சி முடிந்த வியாழக்கிழமை, ஸ்டாலைப் பிரித்துச் சாமான்களைக் கட்டும் பொறுப்பு அவருக்கு. மறுநாள் இரவு அவருக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளுக்குக் கல்யாணம். ஒரே மகள். அவள் பிறந்தபோது இவர் இங்கே. காது குத்தியபோது இங்கே. அவள் வயதுக்கு வந்த சடங்கை யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக் காட்ட, லேபர் கேம்ப் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தவர். "தாரை வாக்கிறதுக்காவது நான் இருக்கணும் தங்கச்சி. என் கையாலதான் தண்ணி ஊத்தணும்" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு எனக்கே அந்தத் தண்ணீர்ச் செம்பு கண்ணில் தெரிய ஆரம்பித்திருந்தது.

வியாழன் மாலை சரக்கு விமான நிலையக் கிடங்குக்குப் போனது. அங்கே ஆயுதங்களை மட்டும் தனியாகத் திறந்து பார்ப்பார்கள். எனக்குக் கஹ்வா கொடுத்த அதே அதிகாரிதான் அன்று அங்கே இருந்தார். நாலு பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி இருந்தது. அந்த ஒரு பெட்டியின் மேல் என் ஸ்டிக்கர்கள் நாலும், ஓரம் கிழியாமல் உரித்தெடுத்து, வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன.

அதிகாரி திறந்தார். தோள்கட்டை மாட்டிய துப்பாக்கி, கண்ணாடியோடும் டார்ச்சோடும், ஸ்பாஞ்சில் அழகாகப் படுத்திருந்தது.

எப்படி நடந்தது என்று பிறகு புரிந்தது. அந்தப் பெட்டியைச் செய்தவன், எல்லா உதிரியும் மாட்டிய வடிவத்துக்கே ஸ்பாஞ்சில் பள்ளம் வெட்டியிருக்கிறான். வரும்போது சட்டத்துக்குப் பயந்து துப்பாக்கியை மட்டும் அதில் வைத்து அனுப்பினார்கள். மீதிப் பள்ளம் காலியாக இருந்தது. அண்ணன் அதைப் பார்த்திருக்கிறார். போன தடவை எவனோ அவசரத்தில் தப்பாகக் கட்டியிருக்கிறான் என்று நினைத்து, கட்டையை எடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறார். மாட்டியது. பள்ளத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அச்சாகப் பொருந்தியது. அந்த நிமிஷம் அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

அதிகாரி கோபப்படவில்லை. கணக்கைச் சொன்னார். உள்ளே வந்தது ஒரு கைத்துப்பாக்கி. அது வெளியே போகவில்லை. வெளியே போவது ஒரு நீளத் துப்பாக்கி. அது உள்ளே வரவே இல்லை. ஆக, ஒரு ஆயுதம் நாட்டுக்குள் காணாமல் போயிருக்கிறது, இன்னொரு ஆயுதம் நாட்டுக்குள் முளைத்திருக்கிறது. இரண்டும் தனித்தனிக் குற்றம்.

"கட்டையைக் கழற்றினால் சரியாகிவிடும், பாய்" என்றேன்.

"கழற்றினால் சரியாகிவிடும்" என்று அவரும் ஒப்புக்கொண்டார். "ஆனால் யார் கழற்றுவது? நான் தொட்டால் நான் ஆயுதத்தை மாற்றியவன். இதை ஆயுத நிபுணர் வந்து பார்த்து எழுத வேண்டும். மாட்டியது யார்?"

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். எவ்வளவு மோசமான விஷயத்தையும் மரியாதையாகச் சொல்லத் தெரிந்தவர். போனில் என்னிடம், "அது வர்றப்பவே அப்படித்தான் வந்துச்சுன்னு சொல்லிடுங்க. நம்ம ஆளுங்க யாரும் தொடலைன்னு இருக்கட்டுங்க" என்றார். வந்தபோது இதே அதிகாரிதான் நாலு பெட்டியையும் எண்ணினார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் அண்ணனின் குரல் கேட்டது.

"நான்தான் சார் மாட்டுனேன்."

வேனிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அவருடைய ஹிந்தியில் விளக்கினார். விளக்கம் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். அதிகாரியும் நானும் வாயைத் திறப்பதற்குள் துப்பாக்கியைக் கையில் எடுத்து, கட்டையைக் கழற்றிக் காட்டி, "பாருங்க, ஒண்ணுமே இல்ல" என்று சொல்லி, பொறுப்பாக மறுபடியும் மாட்டிப் பள்ளத்தில் வைத்தார். மேலே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மாட்டியது யார் என்ற கேள்வியே இல்லை. மாட்டுகிற படமே இருந்தது.

அதிகாரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அண்ணனின் ஐடி அட்டையை வாங்கி இழுப்பறையில் வைத்தார். நிபுணர் முடிவு சொல்லும்வரை அவர் நாட்டை விட்டுப் போக முடியாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, பாதி நாள் ஆபீஸ். அதன் பிறகு சனி, ஞாயிறு லீவு. நிபுணர் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் வந்தால் உண்டு. இல்லையென்றால் திங்கள்தான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை காலையில முகூர்த்தம்னு அவர்ட்ட சொல்லு தங்கச்சி" என்றார். ஆள் எதிரில் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன். அதிகாரி, "இன்ஷா அல்லா" என்றார். பத்து அர்த்தத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் நானும் அண்ணனும் அங்கே போய் உட்கார்ந்தோம். அங்கிருந்து நேரே விமானத்துக்குப் போய்விடலாம் என்று தன் பெட்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் விபூதி. அதிகாரி எத்தனை பேருக்குப் போன் செய்தாரோ, தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் நிபுணர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், கையில் அளக்கிற டேப் ஒன்று. சிரிக்கிற வழக்கம் இல்லாத முகம்.

கட்டையோடு அளந்தார். கட்டை இல்லாமல் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டார். முந்தின நாள் கேமராப் படத்தைப் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "பொருள் இரண்டு வகையாகவும் இருக்க முடியும். எந்த நோக்கத்தோடு மாட்டினார் என்பதுதான் கேள்வி. ஏன் மாட்டினார்?"

தமிழில் கேட்டேன்.

"எடம் காலியா இருந்துச்சு" என்றார் அண்ணன்.

அதை நான் மொழிபெயர்த்தேன். நிபுணர் என்னையே பார்த்தார். மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடி கேட்டேன். அதே பதில்தான் வந்தது. இருபத்தைந்து வருஷம் பெட்டி கட்டிய மனிதருக்கு இதற்கு மேல் ஒரு காரணம் இருக்கிறது என்றே தெரியாது. எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"சார், இவருக்குத் துப்பாக்கி என்றால் என்ன என்றே தெரியாது. காலி இடம் என்றால்தான் தெரியும். நம்பிக்கை இல்லையென்றால் வெளியே வேனில் இவருடைய பெட்டி இருக்கிறது, திறந்து பாருங்கள்" என்று உருதுவிலும் இங்கிலீஷிலும் கலந்து கத்திவிட்டேன்.

"கொண்டு வாருங்கள்" என்றார் நிபுணர்.

கயிற்றை அறுக்கும்போது அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேம்ப்பே சேர்ந்து உட்கார்ந்து கட்டிய கல்யாணப் பெட்டி அது. நிபுணர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பெரிய ஹாட் பாக்ஸைத் திறந்தால் நடு ஹாட் பாக்ஸ். அதைத் திறந்தால் சின்னது. சின்னதில் பேரீச்சம்பழம், பழத்துக்கு நடுவில் கோடாரித் தைலம். மாப்பிள்ளைக்கு வாங்கிய ஷூவில் சாக்ஸ், சாக்ஸில் பாட்டரி. பாட்டரி எதற்கு என்று தேடினால், போர்வைச் சுருளுக்குள் டார்ச் லைட். டார்ச்சில் பாட்டரி போடும் இடத்தில் பாதாம் பருப்பு. மகளுக்கு வாங்கிய வளையல் டப்பாவைத் திறந்தார். வளையல்களுக்கு நடுவில் இருந்த வட்டத்தில் ஒரு சென்ட் பாட்டில் நின்றது. பாட்டிலைச் சுற்றி ஒரு கைக்குட்டை. கைக்குட்டையை உதறினார். அதிலிருந்து ஒரு ஊக்குச் சரம் விழுந்தது.

நிபுணர் ஊக்குச் சரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு துப்பாக்கியிலிருந்து தோள்கட்டையைக் கழற்றித் தனியாக வைத்து, "பிஸ்டல்" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

அதிகாரி இழுப்பறையைத் திறந்து ஐடி அட்டையைக் கொடுத்தார். "கலாஸ். மாஃபி முஷ்கில்" என்றார். முடிந்தது, பிரச்சினை இல்லை என்று அர்த்தம். "மகளுக்கு என் வாழ்த்து" என்றார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்புறம் எல்லாரும் சேர்ந்து பெட்டியைத் திரும்பக் கட்டினோம். அண்ணன் அடுக்கினார், நான் எடுத்துக் கொடுத்தேன், அதிகாரி டேப்பைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆபீசில் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வந்து மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"ரொம்ப சந்தோஷங்க" என்றார். "நல்லபடியா போய்ட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் ஒண்ணுங்க. அவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் விசாவைக் கேன்சல்ல போட்டுடலாம். டிக்கெட்ல ரிட்டர்னையும் எடுத்துடுங்க."

"சார், பிஸ்டல்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கேஸே இல்ல."

"பிஸ்டல்தானுங்க, நான் இல்லைங்கல. ஆனா இனிமே அவர் கட்டுன பெட்டின்னா ஒவ்வொண்ணையும் தொறந்து பாப்பாங்க. க்ளையன்ட் நிப்பானுங்களா? இப்போ அவர்கிட்ட சொல்ல வேண்டாங்க. பாவம், கல்யாணம் நல்லா நடக்கட்டும்."

போலீஸ் விட்டுவிட்டது. இவர் விடவில்லை. நான் என்னென்னவோ பேசினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "புரியுதுங்க" என்றார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லவும் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. என் பிள்ளைகளின் விசா என் கணவர் பேரில்தான் இருக்கிறது, என் வேலை போனால் அது போகாது. என்றாலும் சொல்லவில்லை.

வேனில் ஏறியதும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. கேம்ப் ரூமில் அவருடைய சாமான் எல்லாம் அப்படியே கிடக்கிறது. லீவுக்குப் போகிறவனும் ஒரேயடியாகப் போகிறவனும் ஒரே மாதிரி கிளம்ப முடியாது.

டிரைவர் சிக்னலில் நின்று, கிளம்பி, இன்னொரு சிக்னலில் நின்றார்.

"ரூமுக்குப் போய்ட்டுப் போகலாம்ணே. நேரம் இருக்கு. எடுக்க வேண்டியத எடுத்துக்குங்க" என்றேன்.

"வேண்டாம் தங்கச்சி. எடை சரியா நிக்குது. இனி ஒண்ணும் ஏறாது."

விமான நிலைய வாசலில் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். என்னிடம் சொல்லிக்கொண்டு நாலடி போனவர் திரும்பி வந்தார். "வீட்ல யாருக்கும் இப்ப தெரிய வேணாம். மாப்பிள்ளை வீட்ல அபுதாபி மாமனார்னுதான் சொல்லி வெச்சிருக்கு" என்றார். நான் யாரிடம் சொல்லப்போகிறேன், அவர் வீட்டில் எனக்கு யாரையும் தெரியாது. சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் ஒரு போட்டோ அனுப்பினார். மணையில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மனைவி. மகளின் கை மாப்பிள்ளையின் கைமேல் இருக்கிறது. இவர் செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்ற வேண்டும் என்று நினைத்தவர் போல அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தது. நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரலைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

"நல்லபடியா நடந்துச்சு தங்கச்சி. நல்ல கூட்டம். பந்தியில ஆளாளுக்கு வந்து எப்பத் திரும்பிப் போறீங்கன்னு கேக்குறாங்க. அடுத்த மாசம்னு சொல்லிட்டிருக்கேன்."